யாருடைய வீர யுகம்?

புதிய குடியேற்றமொன்றிலே ஆலயம் எழுவதைப் பக்தியின் வெற்றியாக மட்டும் காண்பது சமய வரலாறு எழுதுவோரின் வழக்கம். இலக்கிய விமரிசகன் அதற்கு அப்பாலும் நோக்குதல் வேண்டும். அவ்வாலயம் எவருடைய உழைப்பால், எவருடைய இழப்பின்மேல் எழுந்தது என வினவுதல் அவன் கடன். எட்வேட் எக்கிள்ஸ்ரன் 1874 இல் வெளியிட்ட 'த சேர்க்கிற் றைடர்' என்னும் அமெரிக்க நாவலை இவ்வினாவோடு அணுகுவோம். சேகரம் சுற்றும் போதகன் என்பது தலைப்பின் பொருள். வீர யுகத்தின் கதை என்பது உபதலைப்பு.

இது நமக்கு முற்றிலும் அந்நியமான செய்தியன்று. 1784 இல் பால்ற்றிமோர் நகரிலே அமெரிக்க மெதடிஸ்த திருச்சபையை அமைத்தவர்களுள் ஒருவரான தோமஸ் கோக், 1814 இல் இலங்கைக்கு மிஷனரிமாரை அழைத்து வரும் வழியிலே கடலில் இறந்தவர்.

நாவலின் களம் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஒகையோ. காடழித்துக் குடியேறியோர் மத்தியிலே குதிரையேறி வருகிறான் போதகன். முதலிற் கூடுமிடம் ஒரு குடியானவனின் குடிசை. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு 'வகுப்பு' ஆகின்றனர். அவர்களுள் ஒருவரே தலைவர். மரக்குற்றிகளை அடுக்கி ஆலயம் கட்டுவது பிற்பாடு. 1800 இல் போதகருக்கு விதிக்கப்பட்ட ஆண்டு வேதனம் 80 டொலர் மாத்திரமே. இளமையிலே தாமே இப்பணியில் ஈடுபட்டவராதலின் எக்கிள்ஸ்ரன் இவ்வாழ்வை உள்ளிருந்து காட்டுகிறார். மோட்டன், கைக் ஆகிய இளைஞர் போதகராகின்றனர். கைக் உடல் நலிந்து மாள்கிறான். குடியேறிகளின் பேச்சுமொழிக்கு இலக்கியத்தில் இடமளித்தமையும் ஆசிரியரின் சாதனை எனலாம்.

ஆயினும் நாவலின் எல்லையும் இங்கேதான் புலனாகிறது. செல்வந்தனான கப்டன் லம்ஸ்டனுக்கும் அவன் சகோதரனின் மகனான கைக்குக்கும் இடையே நிலத்தகராறு மூள்கிறது. குடும்பத்துள் நிகழும் அநீதியை ஆசிரியர் கூர்ந்து காண்கிறார். ஆனால் அந்நிலம் அவர்கள் கைக்கு வந்தவாறு யாது? 1794 இல் போரிலே தோல்வியுற்ற பழங்குடிகள், 1795 இல் கிறீன்வில் ஒப்பந்தத்தால் ஒகையோவின் பெரும்பகுதியை இழந்தனர். இப்பெரிய தகராறு கதையின் கருவாகவில்லை.

இதே ஒகையோவிலே வேறோர் ஆலயத்தின் கதையும் உண்டு. 1816 இல் ஜோன் ஸ்ருவேட் என்னும் கறுப்பின மெதடிஸ்தர் வயண்டொற் மக்களிடையே போதிக்கத் தொடங்கினார். 1824 இல் அவர்களுக்குக் கல்லாலயம் எழுந்தது. 1843 இல் அம்மக்கள் தம் நிலத்தை விட்டு மேற்கே அகற்றப்பட்டனர். அவர்களுட் பலர் பெற்ற ஞானஸ்நானம் அவர்களைக் காக்கவில்லை. ஒரே திருச்சபை, ஒரே வேதம். ஆயின் குடியேறியின் ஆலயத்தைச் சுற்றி ஊர் வளர்ந்தது, பழங்குடியின் ஆலயத்தைச் சுற்றிக் கல்லறைகளே எஞ்சின. அவ்வாலயத்தையும் மயானத்தையும் திருச்சபை 2019 இல் வயண்டொற் மக்களிடம் மீளக் கையளித்தது.

நாவல் வெளிவந்தபோது அவ்வெளியேற்றம் நிகழ்ந்து 31 ஆண்டுகளே ஆகியிருந்தன. போதகரின் தியாகத்தை நாம் மறுக்கவில்லை. 80 டொலருக்கு உயிரை ஈந்தவர்கள் நில வியாபாரிகளல்லர். ஆனால் தனிமனிதரின் நேர்மை, அவர்கள் காலூன்றிய மண்ணின் வரலாற்றை மாற்றிவிடுவதில்லை. மரக்குற்றிகளை எண்ணத் தெரிந்த இலக்கியம், அவற்றின் கீழுள்ள மண்ணையும் விசாரிக்கத் துணிதல் வேண்டும். அத்துணிவில்லாத விடத்து வீர யுகம் என்பது வென்றவரின் யுகமாகவே எஞ்சிவிடும்.