செயப்பாட்டுவினை மீது விழுந்த பழி

ஸ்ட்ரங்க், வைட் இருவரின் 'தி எலிமெண்ட்ஸ் ஆஃப் ஸ்டைல்' செய்வினையில் எழுதச் சொல்கிறது. அதற்காக அது திருத்திக்காட்டும் நான்கு வாக்கியங்களில் ஒன்றுதான் செயப்பாட்டுவினை என்று மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம் 2009இல் சுட்டிக்காட்டினார். சரி, உதாரணம் போகட்டும், அறிவுரையாவது தேறுமா? வேலையில் நான் படிக்கிற ரிப்போர்ட்டுகளை வைத்துப் பார்த்தால் தேறாது. 'தி வால்வ் வாஸ் ஓப்பண்ட்' என்பதில் திறந்தவர் பெயர் இல்லை. ஆனால் ஒருவர் இருக்கிறார். 'யார் திறந்தது?' என்று கேட்கலாம். தொடரியல் இவரை மறைந்து நிற்கும் கர்த்தாவாகக் கணக்கில் எடுக்கிறது. 'தி வால்வ் ஓப்பண்ட்' அசல் செய்வினை. அதில் ஆளே கிடையாது, வால்வ் தானாகத் திறந்துகொண்ட மாதிரி. பொறுப்பைத் தட்டிக்கழிக்க நினைப்பவரை இந்தப் புத்தகம் தடுக்கல. அவருக்கு இன்னும் நல்ல ஒளிவிடத்தைத்தான் காட்டுது.