கொம்பு ஒடிந்த பிறகுதான் ஆட்டம்

விளையாட்டில் பாட்டுக்கு ஒதுக்கப்பட்ட இடம் ஓரம்தான். இரண்டு ஓவர்களுக்கு நடுவே பப்பரே வாத்தியம் முழங்கும், கோல் விழுந்தால் ஒரு கூச்சல் பாட்டாகும், அடுத்த பந்து வந்ததும் அடங்கிவிடும். மட்டக்களப்பின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஆடப்பட்டுவந்த கொம்புமுறியில் அப்படியில்லை. அங்கே கொம்பு ஒடிவது ஒரு நொடி. அதற்கு முன்னும் பின்னும் பாட்டுத்தான். ஒடிந்த பிறகு தொடங்கும் பாட்டுக்காகவே பாதிச் சனம் வந்து நிற்கும். விளையாட்டுப் பக்கத்தில் இதை எழுதக் காரணம் இருக்கிறது. மைதானத்துப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் பொருள்கள் எவை, அவை ஏன் வருகின்றன என்று பார்க்க நம் பகுதியில் இதைவிட நல்ல ஆட்டம் கிடையாது.

ஆட்டத்தைப் பார்த்திராத இளையவர்களுக்காக: கண்ணகி அம்மன் வழிபாட்டோடு சேர்ந்தது இது. மழை பொய்த்தாலோ அம்மை பரவினாலோ ஊர் கூடி ஆடுவார்கள். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றுக்குள் ஒன்று கொளுவி, வரிந்து கட்டி, வடம் பூட்டி இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். சிறிய கொம்புகளில் தொடங்கிப் பெரிய கொம்பில் போய் முடியும் ஒரு தொடர் இது. தேற்றாத்தீவில் பிள்ளையாருக்குக் ‘கொம்புச்சந்திப் பிள்ளையார்’ என்று பெயர். இந்த ஆட்டம் ஊர்களில் எவ்வளவு ஊறியிருந்தது என்பதற்கு அந்தப் பெயரே போதும்.

பாட்டின் பொருளைப் புரிந்துகொள்ள முதலில் கொம்பின் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். கொளுவிய இரண்டு கொம்புகள் இழுபடும்போது இரண்டின் மீதும் விழும் விசை ஒன்றேதான். வடத்தை எவர் எவ்வளவு மூச்சுப்பிடித்து இழுத்தாலும் அந்தப் பலம் தன் கொம்பையும் அதே அளவுக்குச் சோதிக்கிறது. கயிறிழுத்தலில் காலை ஊன்றும் பலமும் ஆளின் எடையும் முடிவைத் தீர்க்கும். இங்கே தீர்ப்பது மரத்தின் வைரம், வளைவின் கோணம், கட்டின் இறுக்கம் ஆகியவைதான். காட்டுக்குள் போய்க் கொம்பைத் தெரிந்தவரும் அதை வரிந்தவரும் ஆட்டத்தைப் பாதி முடித்துவிடுகிறார்கள். ஆட்ட நாயகன் விருது என்று ஒன்று வைத்தால் யாருக்குக் கொடுப்பது? வடம் பிடித்த நூறு பேரில் ஒருவரையும் தனியே காட்ட முடியாது.

கொம்புப் பாட்டில் தனிவீரன் ஒருவன் பெயர் பெற்று நிற்காததற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு. நாயகன் இல்லாத ஆட்டத்தில் பாட்டு மூன்று பக்கம் போகிறது: அம்மனிடம், கொம்பிடம், எதிர்ச்சேரியிடம். அம்மனிடம் கேட்பது மழை, நோய் நீக்கம், வேளாண்மை விளைச்சல். கேட்கும் முறை கண்ணகி சடங்கின் மற்றப் பாட்டுகளில் உள்ளதுதான், புதிதாக ஒன்றும் இல்லை. கொம்பைப் பாடுவது ஒரு கருவியைப் பாடுவது. அது எங்கிருந்து வந்தது, எப்படி அலங்கரித்து ஊர்வலம் கொண்டுவந்தோம் என்று போகும். இவை இரண்டும் வேண்டியவைதான். ஆனால் சனத்தின் காது நிமிர்வது மூன்றாவதற்கு.

வசை. வென்றவன் தன் வெற்றியைப் பாடுவதைவிடத் தோற்றவனின் தோல்வியைப் பாடுவதில்தான் அதிக நேரம் செலவழிக்கிறான். இதை நாட்டுப்புறத்தானின் குணம் என்று ஒதுக்கிவிட முடியாது. பரணி இலக்கியத்தைப் பாருங்கள். ஆயிரம் யானை கொன்ற வீரனைப் பாடுவது என்று இலக்கணம் சொல்லிவிட்டு, நூலுக்குப் பெயர் வைப்பதோ தோற்றவனின் பேரில். சயங்கொண்டார் பாடியது குலோத்துங்கன் படையின் வெற்றியை, ஆனால் நூல் கலிங்கத்துப்பரணி. தமிழில் வெற்றிப் பாட்டுக்குத் தோற்றவன் இல்லாமல் முடியாது. கொம்புச் சந்தியில் நிற்கும் பாட்டுக்காரர் சயங்கொண்டாரைப் படித்திருக்க வேண்டியதில்லை. எதிராளியின் முகம் எதிரே இருக்கும்போது தன்னைப் புகழ்ந்துகொண்டிருப்பது வீண் என்று அவருக்குத் தெரியும்.

அந்த எதிராளி யார் என்பதில்தான் மட்டக்களப்புச் சூட்சுமம் இருக்கிறது. சேரி என்பது விருப்பப்பட்டுச் சேரும் கழகம் அல்ல, பிறப்போடு வருவது. ஒரே ஊருக்குள், ஒரே உறவுக்குள் இரண்டு சேரியும் கலந்து கிடக்கும். இன்று ‘உன் கொம்பு உளுத்தது’ என்று கேலி வாங்குகிறவர் நாளைக்கு வயலில் சேர்ந்து வேலை செய்யும் மச்சான். மச்சான்மார் ஒருவரை ஒருவர் கேலி பண்ணுவதற்கு நம் பகுதியில் அனுமதி கேட்க வேண்டுமா என்ன? அண்ணன் தம்பிக்குள் வாயில் வராத சொல்லும் மச்சானிடம் தாராளமாக வரும். கொம்புப் பாட்டு அந்த உறவுரிமையை ஊர் அளவுக்கு விரித்த ஒன்று. ஆகவே அது எவ்வளவு காரமாக இருந்தாலும் அந்நியனை நோக்கிய வெறுப்பாக மாறுவதற்கு வழி குறைவு. அதற்காக எல்லா ஆண்டும் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆட்டம் என்றால் தகராறும் இருக்கும்.

சிங்கள ஊர்களில் இதன் சோதரன் அங்கெலிய. அங்கே கண்ணகி பத்தினித் தெய்யோ, சேரிகள் உடுபில, யட்டிபில. பத்தினியும் அவள் கணவன் பாலங்கவும் சப்புப் பூப் பறிக்கப் போனபோது இருவருடைய கொக்கைத் தடிகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன, இருவர் பக்கமும் ஆட்கள் சேர்ந்து இழுத்தார்கள், அவள் பக்கம் வென்றது என்பது பிறப்புக் கதை. நம் பக்கத்திலும் பூப்பறித்த கதை உண்டு. மதுரையை எரித்துவிட்டு ஆறாத கோபத்தோடு வந்தவளைக் குளிர்விக்க ஆயர்கள் ஆடிக்காட்டியது என்று வேறொரு கதையும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது. கோபத்தில் இருப்பவளைச் சிரிக்க வைக்கத் துதிப்பாட்டு உதவாது, கேலிதான் உதவும். வசைக்குச் சடங்கில் இடம் கிடைத்த காரணம் அந்தக் கதையில் இருக்கிறது. மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் அங்கெலியவுக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறார். தோற்றவரை அவமானப்படுத்தும் பகுதியை அவரும் ஓரக்குறிப்பாகத் தள்ளிவிடவில்லை.

ரொபர்ட் நொக்ஸின் சாட்சி இன்னும் பழையது. கொட்டியாரக் குடாவில் 1660இல் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ஆங்கிலேய மாலுமி அவர். 1681இல் லண்டனில் வந்த அவருடைய நூலில் இந்த ஆட்டத்தைத் தெளிவாக எழுதியிருக்கிறார்: முழங்கை போல் வளைந்த இரண்டு தடிகள், கயிறு, முறிந்ததும் ஒரு பக்கத்தாரின் ஆட்டபாட்டம். நோய் தீர்க்கும் தெய்வத்துக்கான காணிக்கை இது என்பதையும் சரியாகப் பிடித்திருக்கிறார். பாட்டும் சைகையும் எப்படியிருந்தன என்பதை மட்டும் எழுத்தில் கொண்டுவர முடியாது என்று விட்டுவிட்டார். ஊருக்கு ஒதுக்குப்புறமாக, பெண்கள் பார்வைக்கு எட்டாத இடத்தில்தான் ஆடினார்களாம். கடைசியில் கண்டி அரசன் இராஜசிங்கன் இதைத் தடைசெய்து, மீறினால் தண்டப்பணம் என்று கட்டளையிட்டதாகவும் சொல்கிறார். இன்றைக்கு மைதானத்தில் தூஷணம் பேசியவரின் போட்டிக் கட்டணத்தை மத்தியஸ்தர் வெட்டுகிறார். மூன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அதைச் செய்த அரசன் நமக்கு இருந்திருக்கிறான். அவன் தண்டமும் பலிக்கவில்லை.

போட்டிப் பாட்டு தமிழரின் தனிச்சொத்தும் அல்ல. மட்டக்களப்பின் போர்த்துக்கேயப் பறங்கியர் கல்யாண வீடுகளில் வயலின் இசையோடு கஃப்ரிஞ்ஞா ஆடி, மாறி மாறி நாலடி பாடுவது அவர்களுடைய பழைய வழக்கம். அந்த இசைக்கு உறவான பைலாவிலிருந்துதான் பாடகர் வாலி பஸ்தியன் காலத்தில் வாத பைலா வளர்ந்தது. இரண்டு பாடகர் மேடையேறி, கொடுத்த தலைப்பில் ஒருவரை ஒருவர் பாட்டாலேயே மடக்குவார்கள். அங்கும் ரசிகர் காத்திருப்பது புகழ்ச்சிக்கு அல்ல, மடக்கும் அடிக்கு. இப்படிப் பல பக்கத்தாரும் பாட்டால் சண்டை பிடித்துப் பழகிய வாவிக்கரை இது.

அப்படிப்பட்ட ஊரின் இன்றைய மைதானத்துப் பாட்டு எப்படி இருக்கிறது? வெபர் மைதானத்திலோ சிவானந்தா மைதானத்திலோ ஒரு இறுதிப் போட்டிக்குப் போய்க் காதைக் கொடுங்கள். கழகத்துக்கென்று மெட்டுப்போட்டுப் பதிவுசெய்த பாட்டு ஒலிபெருக்கியில் ஓடும். மீன்பாடும் தேன்நாடு கட்டாயம் உண்டு. வாவி, நிலவு உண்டு. சிங்கம் அல்லது புலி அல்லது இரண்டும். ‘நாங்கள் எழுவோம், வெல்வோம், வரலாறு படைப்போம்’ என்ற வகையில் பல்லவி. கழகத்தின் பெயரை எடுத்துவிட்டு அடுத்த ஊர்க் கழகத்தின் பெயரை வைத்தால் ஒரு சொல்லும் பிசகாமல் பொருந்தும். எதிரணி என்று ஒன்று மைதானத்தில் இருப்பதே அந்தப் பாட்டுக்குத் தெரியாது. மறுபக்கம், பார்வையாளர் வரிசையில் எழும் கூச்சலோ நேராகத் தூஷணத்துக்குப் போய்விடுகிறது. புகழ்ச்சிக்கும் தூஷணத்துக்கும் நடுவில் இருந்த விளையாட்டு, சொல்லை வளைத்து மெட்டில் வைத்துக் குத்தும் அந்த வித்தை, காணாமல் போய்விட்டது.

கேலி இல்லாத மைதானப் பாட்டு சிறக்காது என்பதல்ல என் வாதம். லிவர்பூல் காற்பந்து ரசிகர்கள் 1963இலிருந்து பாடிவரும் பாட்டில் எதிரணிக்கு ஒரு சொல் இல்லை. 1945இல் அமெரிக்க இசை நாடகம் ஒன்றுக்காக எழுதிய ஆறுதல் பாட்டு அது. ஆனால் அதைச் சனம் தானே எடுத்துத் தன் வாயால் பாடியது. அது ஒலிபெருக்கியோடு நின்றுவிடவில்லை. இலங்கைக் கிரிக்கெட்டுக்குப் பேர்சி அபேசேகர இருந்தார், 2023இல் காலமானார். கையில் பெரிய தேசியக்கொடி, வாயில் எதுகை மோனையோடு அந்த நேரத்துக்குக் கட்டிய வரி. எதிரணி வீரர்களும் அவரிடம் சிரித்துக்கொண்டுதான் போனார்கள். கொம்புச் சந்தியின் பாட்டுக்காரருக்கு நான் காணும் மிக நெருங்கிய உறவினர் அவர்தான்.

பாட்டு எங்கே போயிற்று என்று கேட்டால் போரைச் சொல்வார்கள். உண்மைதான், இரவில் ஊர் கூட முடியாத ஆண்டுகளில் கொம்பு எப்படி முறிப்பது? ஆனால் பழியில் ஒரு பங்கு படித்தவர்களுக்கும் உண்டு. வசந்தன் கூத்துப் பாட்டுக்குத் தி. சதாசிவ ஐயர் 1940இலேயே ஒரு கவித்திரட்டுப் பதிப்பித்தார். கண்ணகி வழக்குரைக் காவியத்தைப் பண்டிதர் வீ. சீ. கந்தையா 1968இல் அச்சுக்குக் கொண்டுவந்தார். பெரிய பணிகள். கொம்பின் வசைக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. பக்திப் பாட்டு சுவடியில் ஏறியது, வசை வாயோடு நின்றது. இப்போது பண்பாட்டு விழாக்களில் கொம்புமுறியைச் செய்து காட்டுகிறார்கள், வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அங்கே பிரதம விருந்தினர் முன்வரிசையில் இருப்பார். காவியம் பாடப்படும், கொம்பு முறியும், கைதட்டல் எழும், வசை மட்டும் இரண்டு மூன்று பவ்வியமான அடிகளோடு முடிந்துவிடும். பிரதான ஆட்டக்காரரை வெளியே இருத்திவிட்டு ஆட்டம் நடத்துவதுதான் இது.

கொம்புமுறி நடந்த ஊர்களின் விளையாட்டுக் கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் வடசேரிப் பாட்டும் தென்சேரிப் பாட்டும் தெரிந்த அப்பாமார், பெரியப்பாமார் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த சுற்றுப்போட்டிக்கு முன் ஒரு பின்னேரம் கைபேசியை எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் உட்காருங்கள். அம்மன் பாட்டோடு நிறுத்திவிடாமல் வசையையும் கேளுங்கள். கூச்சப்பட்டுத் தவிர்ப்பார்கள், பேரப்பிள்ளைகளை எழுப்பி வெளியே அனுப்புவார்கள், பிறகு பாடுவார்கள். எந்தச் சொல்லையும் நீக்காமல் பதியுங்கள். அச்சில் போட முடியாததைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மெட்டையும் மடக்கும் விதத்தையும் உங்கள் பெடியள் கற்றுக்கொண்டால், எதிரணிக்கான வரிகளை அவர்களே கட்டிக்கொள்வார்கள்.