அடிமைகள், பெண்கள், தன்பாலீர்ப்பினர் (நூல்)

'ஸ்லேவ்ஸ், விமன் அண்ட் ஹோமோசெக்சுவல்ஸ்' (2001) கனடாவின் புதிய ஏற்பாட்டு அறிஞர் வில்லியம் ஜே. வெப் எழுதிய ஆங்கில நூல். வேதாகமக் கட்டளைகளில் எது எக்காலத்துக்கும் உரியது, எது அக்காலப் பண்பாட்டைச் சார்ந்தது என்று பிரித்தறிய 18 அளவுகோல்களை முன்வைக்கிறது. வேதாகமமே இறுதி அதிகாரம் என நம்பும் இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களிடையே இந்நூல் கடும் விவாதத்தை எழுப்பியது.

பின்னணி

அடிமை உடைமையாளரை மிஷனரியாக நியமிக்கலாமா என்ற தகராறில் அமெரிக்க பாப்டிஸ்டுகள் பிளவுபட்டு, 1845-ல் தெற்கு பாப்டிஸ்ட் கன்வென்ஷன் உருவானது. அதே ஆண்டில், தென் கரோலினாவின் போதகர் ரிச்சர்ட் ஃபுல்லரும் பிரவுன் பல்கலைக்கழகத் தலைவர் பிரான்சிஸ் வேலண்டும் இது குறித்து எழுதிக்கொண்ட கடிதங்கள் நூலாயின. பழைய ஏற்பாடு அனுமதித்ததை, அப்போஸ்தலர்கள் விலக்காததைப் பாவம் எனக் கூற முடியாது என்றார் ஃபுல்லர். பிறரை நேசிக்கச் சொல்லும் நற்செய்தியின் நெறி அடிமைமுறையோடு பொருந்தாது என்றார் வேலண்ட். எபேசியர் 6:5 போன்ற நேரடி வசனங்கள் ஃபுல்லரின் பக்கமே இருந்தன. 1995-ல் அதே கன்வென்ஷன் தன் பழைய நிலைப்பாட்டுக்கு மன்னிப்புக் கோரியது. இடைப்பட்ட 150 ஆண்டுகளில் வசனங்கள் மாறவில்லை, வாசிப்பு மாறியது. அந்த மாற்றத்தை எவ்வாறு நியாயப்படுத்துவது என்பதே வெப் எடுத்துக்கொண்ட கேள்வி.

வெப்பின் வாதம்

ஒரு கட்டளையைத் தனித்துப் பார்க்காமல், அக்காலச் சமூகத்தோடு ஒப்பிட்டு அது எத்திசையில் நகர்கிறது என்று பார்க்க வேண்டும் என்கிறார் வெப். தப்பியோடி வந்த அடிமையை எஜமானிடம் ஒப்படைக்கக் கூடாது என்கிறது உபாகமம் 23:15–16. ஹமுராபியின் சட்டத்திலோ அத்தகைய அடிமைக்கு அடைக்கலம் தருவது மரணதண்டனைக்குரியது. ஆனால் அடிபட்ட அடிமை ஓரிரு நாள் உயிரோடிருந்தால் எஜமானுக்குத் தண்டனை இல்லை என்கிறது யாத்திராகமம் 21:20–21. எனவே வேதாகமம் விடுதலையை நோக்கி நகர்கிறது, ஆனால் அதன் எல்லையை எட்டவில்லை. வாசகர் அதே திசையில் மேலும் செல்ல வேண்டும் என்பது அவர் முடிவு. பெண்கள் குறித்தும் இவ்வாறே வாதிடுகிறார். தன்பாலுறவு குறித்து வேதாகமம் சுற்றுச் சமூகங்களைவிடக் கண்டிப்பாக இருப்பதால் அத்தடை இன்றும் நீடிக்கிறது என்கிறார்.

எதிர்வினை

இறையியலாளர் வேய்ன் க்ரூடெம் 2004-ல் எழுதிய விரிவான கட்டுரையில், இம்முறை புதிய ஏற்பாட்டின் போதனையைக் கடந்து செல்வதால் அதன் இறுதி அதிகாரத்தைக் குலைக்கிறது என்றார். ஆட்களைக் கடத்துவோரைக் கண்டிக்கும் 1 தீமோத்தேயு 1:10 போன்ற வசனங்களைக் கொண்டே அடிமைமுறையை மறுக்க முடியும் என்பது அவர் தரப்பு. ஆனால் அவ்வசனம் 1845-லும் வேதாகமத்தில் இருந்தது; ஃபுல்லரின் முடிவை அது மாற்றவில்லை.

மதிப்பீடு

ஒழிப்புவாதிகள் வசனத்தின் எழுத்தைக் கடந்தே சென்றார்கள் என்று ஒப்புக்கொள்வது நூலின் பலம். அதன் அளவுகோலில் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, ஓரிடத்தில் கட்டுப்பாடு தளர்வதும் மற்றோரிடத்தில் இறுகுவதும் சமமாக 'மீட்பின் திசை' எனக் கொள்ளப்படுகின்றன. ஒரு நகர்வு நன்மையை நோக்கியதா என்பதை ஒப்பீடு மட்டும் சொல்லாது. அதற்கு நீதி குறித்த ஒரு முன்முடிவு தேவை. அம்முடிவு எங்கிருந்து வருகிறது என்பதை நூல் போதுமான அளவு விளக்கவில்லை.

இரண்டாவது, கட்டளையின் சுமையைத் தாங்கியவர்கள் இந்நூலில் பேசுபொருளாகவே வருகிறார்கள், வாசகர்களாக அல்ல. கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மன் 1949-ல் வெளியான தம் நூலில், அடிமையாக வாழ்ந்த தம் பாட்டியைப் பற்றி எழுதுகிறார். எழுதப் படிக்கத் தெரியாத அவர் பேரனை வேதாகமம் வாசிக்கச் சொல்வார். எப்போதாவது 1 கொரிந்தியர் 13 தவிர, பவுலின் நிருபங்களை வாசிக்க விடமாட்டார். எஜமானின் போதகர் அடிமைகளுக்கு அவற்றிலிருந்தே கீழ்ப்படிதலைப் போதித்திருந்தார். அளவுகோல்கள் எவையும் இல்லாமலேயே அப்பெண் ஒரு விளக்கமுறையைக் கைக்கொண்டிருந்தார். அத்தகைய வாசிப்புக்கு வெப்பின் 18 அளவுகோல்களில் தனி இடமில்லை.

இக்குறைகள் இருந்தும், 'எழுதியிருப்பதை மட்டுமே வாசிக்கிறோம்' என்போர் அடிமைமுறைக்கு விடை சொல்லியாக வேண்டும் என்ற நிலையை இந்நூல் உறுதிப்படுத்தியது.