தொலைவில் ஓடும் மென்பொருள்: நிறையும் குறையும்

நீங்கள் ஓர் அலுவலகத்தில் கணக்கு மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திரையில் அதன் கட்டங்கள் தெரிகின்றன. விசையைத் தட்டினால் எண் விழுகிறது. ஆனால் அந்த மென்பொருள் உங்கள் கணிப்பொறியில் இல்லவே இல்லை! எங்கோ பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால், குளிரூட்டப்பட்ட கட்டடம் ஒன்றில் உள்ள பெரிய கணிப்பொறியில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் முன் தெரிவது அதன் படம் மட்டுமே. இதில் மாயம் எதுவும் இல்லை. 'கிளவுட்' எனப்படும் மேகக் கணிப்பொறிச் சேவையில் இதுவும் ஒரு வகை.

இத்தகைய சேவையை நம்பி நம் அன்றாட வேலையை ஒப்படைக்கலாமா? பொதுப்படையாகப் பேசுவதைவிட, தோன்றி மறைந்த ஒரு சேவையை எடுத்துக்கொண்டு ஆராய்வது தெளிவு தரும். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2014ஆம் ஆண்டில் தொடங்கி, 2017இல் மூடிய 'அஷ்யூர் ரிமோட்ஆப்' என்ற சேவையை இங்கே பார்ப்போம்.

பழைய எண்ணமே

கணிப்பொறியின் ஆற்றலைத் தொலைபேசிபோலப் பொதுச் சேவையாக வழங்கலாம் என்று அமெரிக்க அறிஞர் ஜான் மெக்கார்த்தி 1961ஆம் ஆண்டிலேயே கூறினார். ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் முறையை அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் செய்து காட்டினர்.

பின்னர் 1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணிப்பொறி வந்தது. மேசைக்கு ஒரு கணிப்பொறி என்றாயிற்று. அதனோடு ஒரு தொல்லையும் வந்தது. 500 மேசைகள் உள்ள அலுவலகத்தில் ஒரு மென்பொருளை 500 முறை நிறுவ வேண்டும். பிழை கண்டால் 500 இடங்களில் திருத்த வேண்டும். இத்தொல்லைக்கு மாற்றாகச் சிட்ரிக்ஸ் நிறுவனம் 1995இல் 'வின்ஃபிரேம்' என்பதை வெளியிட்டது. அலுவலகத்தின் நடுக் கணிப்பொறியில் மென்பொருள் ஓட, மேசைகளில் அதன் திரை மட்டும் தெரியும். மைக்ரோசாப்டும் 1998இல் இவ்வழிக்கு வந்தது. அந்த நடுக் கணிப்பொறியை அலுவலகத்திலிருந்து எடுத்து, தன் சொந்தக் கட்டடத்தில் வைத்து, மாத வாடகைக்கு விட்டதுதான் ரிமோட்ஆப்.

எப்படி நடக்கிறது?

சாதாரணமான ஒரு திரையில் 1920 × 1080 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட்டுகள் வேண்டும். நொடிக்கு 30 படங்கள் என்று முழுத் திரையையும் அப்படியே அனுப்பினால், நொடிக்கு ஏறத்தாழ 150 கோடி பிட்டுகள் ஆகின்றன! பெரும்பாலான வீட்டு இணைப்புகள் இதை எளிதில் தாங்கமாட்டா. எனவே திரையில் மாறிய பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, சுருக்கி அனுப்புகிறார்கள். நம் பக்கத்திலிருந்து போவது விசைத் தட்டல்களும் மவுஸின் அசைவுகளும் மட்டுமே. கணக்கெழுதுவது போன்ற வேலைகளில் திரை சிறிது சிறிதாகவே மாறுவதால், அவற்றுக்கு இம்முறை நன்கு பொருந்துகிறது.

பாராட்டத்தக்கவை

நிர்வாகி ஒரு மாதிரி வட்டை உருவாக்கி, அதில் வேண்டிய மென்பொருள்களை நிறுவிச் சேவையில் ஏற்றிவிட்டால் போதும். பயனாளர் அனைவருக்கும் அதுவே போய்ச் சேரும். திருத்தமும் ஓரிடத்தில் செய்தால் போதும். விண்டோஸுக்காக எழுதப்பட்ட மென்பொருளை ஐபேடிலும், ஆண்ட்ராய்டு கருவியிலும், மேக் கணிப்பொறியிலும் திறக்க முடிந்தது. ஒவ்வொருவருக்கும் 50 ஜிகாபைட் சேமிப்பிடம் தரப்பட்டது. மடிக்கணிப்பொறி களவு போனாலும் அலுவலகக் கோப்பு களவு போகாது. இவை சிறிய நன்மைகள் அல்ல.

குறைகள்

முதற்குறை தொலைவு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கணிப்பொறியை எட்டித் திரும்ப, குறைந்தது 30 மில்லிநொடி ஆகும். இது இயற்கை விதித்த எல்லை. எந்த நிறுவனமும் இதைக் குறைக்க முடியாது. வழியிலுள்ள கருவிகளின் தாமதமும் இதனுடன் சேரும். எழுத்துத் தட்டுவோருக்கு இது பெரிதாகத் தோன்றாது. படம் வரைவோருக்கோ, கை ஒரு பக்கமும் கோடு ஒரு பக்கமும் போவதுபோல் இருக்கும். இணைப்பே அறுந்துவிட்டால் எவருக்கும் வேலை இல்லை.

இரண்டாவது குறை கட்டணம். தொடக்கநிலைக் கட்டணம் ஒருவருக்கு மாதம் 10 டாலராக இருந்தது. கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. ஆனால் குறைந்தது 20 பேருக்கான கட்டணத்தைச் செலுத்தியே ஆக வேண்டியிருந்தது. ஐந்து பேர் மட்டும் வேலை செய்யும் சிறு அலுவலகம் 200 டாலர் கட்ட வேண்டியிருந்தது. அதாவது தலைக்கு 40 டாலர்! சொந்தமாக நடுக் கணிப்பொறி வாங்க இயலாத சிறு நிறுவனங்களுக்கே இச்சேவை மிகவும் தேவை. அவர்களுக்கே இது மிகுந்த செலவாக முடிந்தது.

மூன்றாவது குறைதான் பெரியது. 2016 ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் இச்சேவையை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அக்டோபர் 1 முதல் புதியவர்களுக்கு விற்பனை இல்லை. 2017 ஆகஸ்ட் 31 அன்று சேவை முடிந்தது. ஓராண்டுக்கு மேல் அவகாசம் தந்தார்கள் என்பதையும், சிட்ரிக்ஸின் சேவைக்கு மாற வழிகாட்டினார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். எனினும் மாதிரி வட்டையும் கோப்புகளையும் வெளியே எடுத்து, வேறிடத்தில் மீண்டும் அமைத்து, ஊழியருக்குப் புதுமுறையைப் பழக்கும் சுமை வாடிக்கையாளர் தலையிலேயே விழுந்தது. இதே நோக்கமுடைய புதிய சேவையை மைக்ரோசாப்ட் 2019 செப்டம்பரில்தான் முழுமையாக வெளியிட்டது. இடையில் இரண்டு ஆண்டுகள்!

நம் மேசையில் நிறுவிய மென்பொருள் பழையதானாலும், அதைச் செய்த நிறுவனம் ஆர்வம் இழந்தாலும், பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தொலைவில் ஓடும் மென்பொருளோ, அதை நடத்துபவர் நிறுத்தும் நாளில் நின்றுபோகும். உங்கள் வேலையில் எந்தக் குறையும் இருக்காது. ஆயினும் கருவி கையைவிட்டுப் போய்விடும். விளம்பரங்கள் இந்த வேறுபாட்டைப் பெரிதாகச் சொல்வதில்லை.

முடிவாக

இம்முறையே தீயது என்று நாம் கூறவில்லை. பலருக்கு ஒரே மென்பொருளைக் குறுகிய காலத்துக்கு வழங்க வேண்டிய பயிற்சி நிலையத்துக்கும், கிளைகள் பல உள்ள அலுவலகத்துக்கும் இது ஏற்றதே. ஆனால் பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கணிப்பொறி எவ்வளவு தொலைவில் இருக்கிறது? என் கோப்புகளை வேறு மென்பொருளும் திறக்கக்கூடிய வடிவில் நானே எடுத்துக்கொள்ள முடியுமா? நாளை இச்சேவை நின்றால், அடுத்த நாள் காலையில் எதைக் கொண்டு வேலை செய்வேன்?

தெருக்குழாயில் தண்ணீர் வருகிறது என்பதற்காக எவரும் வீட்டுக் குடத்தைத் தூக்கி எறிவதில்லை. குழாயையும் பயன்படுத்துங்கள்; குடத்தையும் நிரப்பி வையுங்கள்.