இரண்டு நிலநடுக்கங்களும் ஒன்பது மதிப்பெண்ணும்

இங்கிலாந்தில் பதினாறு வயது மாணவர்கள் எழுதும் ஜி.சி.எஸ்.இ. புவியியல் தேர்வில் இயற்கை இடர்களுக்குத் தனி இடம் உண்டு. அந்நாட்டின் பெரிய தேர்வு வாரியங்களுள் ஒன்றான ஏ.க்யூ.ஏ., 2016 முதல் கற்பிக்கப்பட்டுவரும் தன் பாடத்திட்டத்தில் புவித்தட்டுகள், நிலநடுக்கம், எரிமலை, வெப்பமண்டலப் புயல், பிரிட்டனின் வானிலை இடர்கள், காலநிலை மாற்றம் ஆகிய அனைத்தையும் ‘இயற்கை இடர்களின் சவால்’ என்ற ஒரே அலகில் அடக்கியிருக்கிறது. அந்த அலகின் நடுநாயகம் ஓர் ஒப்பீடு. செல்வநிலையில் வேறுபட்ட இரு பகுதிகளில் நிகழ்ந்த இரண்டு இடர்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொண்டு, அவற்றின் விளைவுகளும் மக்கள் அவற்றை எதிர்கொண்ட விதமும் எப்படி மாறுபட்டன என்று மாணவர் காட்ட வேண்டும். எந்த இரண்டு என்பது பள்ளியின் விருப்பம் என்றாலும், நடைமுறையில் பாடநூல்களே அதை முடிவு செய்துவிடுகின்றன. பெரும்பாலும் அது 2010 சிலி, 2015 நேபாளம் என்ற இணை. அதற்கு முந்தைய பாடத்திட்டங்களின் காலத்தில் இத்தாலியின் லாக்விலாவும் ஹைத்தியும் அதிகம் புழங்கின.

இந்த முறைக்கு வலுவான நியாயம் இருக்கிறது. 2010 பிப்ரவரி 27 அன்று சிலியைத் தாக்கிய நிலநடுக்கத்தின் அளவு 8.8, இறந்தவர்கள் ஏறத்தாழ 525 பேர். 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் அளவு 7.8, இறந்தவர்கள் ஏறத்தாழ ஒன்பதாயிரம். அளவுகோலில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். 32 மடங்கு ஆற்றல் கொண்ட நடுக்கத்தில் பதினேழில் ஒரு பங்கு உயிரிழப்பு ஏன் என்ற கேள்வி மாணவர் முன் தானாக வந்து நிற்கிறது. நிலநடுக்கப் பட்டைகளின் பெயர்களை ஒப்பிக்க வைத்த பழைய பாடத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. இடர் வேறு, பேரிடர் வேறு. முன்னது பூமியின் வேலை, பின்னதில் மனிதருக்கும் பங்குண்டு என்ற அடிப்படையை இரண்டே எண்கள் புரியவைத்துவிடுகின்றன. 1960-இல் வால்டிவியாவில் 9.5 அளவு நடுக்கத்தைக் கண்ட சிலி, கட்டட விதிகளைக் கடுமையாக்கிக்கொண்டே வந்த நாடு. அந்த வரலாற்றையும் நல்லாசிரியர் இதே பாடத்தில் சேர்த்துச் சொல்ல முடியும்.

குறை, கேள்வியில் இல்லை. விடை முன்கூட்டியே தயாராக இருப்பதில்தான். செல்வநிலை மாறுபட வேண்டும் என்று பாடத்திட்டமே கேட்பதால், செல்வநிலையே காரணம் என்ற முடிவோடுதான் மாணவர் ஒப்பீட்டைத் தொடங்குகிறார். முதல்நிலை விளைவு, இரண்டாம்நிலை விளைவு, உடனடி நடவடிக்கை, நீண்டகால நடவடிக்கை என்று நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் இரு நாடுகளுக்கும் இரண்டிரண்டு புள்ளிவிவரங்கள். ஒன்பது மதிப்பெண் வினாவுக்கு இந்த அட்டவணையை மனப்பாடம் செய்தால் பெரும்பாடு தீர்ந்துவிடும். அட்டவணைக்குள் அடங்காதவைதான் சுவையானவை, அவையே விடுபடுகின்றன.

நேபாள நடுக்கம் வந்தது சனிக்கிழமை, முற்பகல் 11.56 மணிக்கு. நேபாளத்தில் சனிக்கிழமை வார விடுமுறை. ஆயிரக்கணக்கான பள்ளி வகுப்பறைகள் இடிந்தபோது உள்ளே பிள்ளைகள் இல்லை. நண்பகல் நேரமாதலால் கிராமத்தார் பலர் வயலிலும் வெளியிலும் இருந்தனர். மறுநாள் அதே நேரத்தில் வந்திருந்தால் ஒன்பதாயிரம் என்ற எண் எங்கே போய் நின்றிருக்கும் என்பதை எண்ணவே அச்சமாக இருக்கிறது. அதோடு, என்.எஸ்.இ.டி. என்ற நேபாளத்து அமைப்பு 1990-களின் இறுதியிலிருந்து பள்ளிக் கட்டடங்களை வலுப்படுத்திவந்தது. அப்படி வலுப்பெற்ற கட்டடங்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. ஏழை நாட்டுக் கட்டத்தில் இந்தச் செய்திக்கு இடம் இருப்பதில்லை. வெளிநாட்டு உதவி வந்திறங்கியதற்கு மட்டும் தவறாமல் இடம் உண்டு.

சிலியின் பக்கமும் அவ்வளவு பளிச்சென்று இல்லை. நடுக்கத்தைத் தொடர்ந்து சுனாமி வந்தது. கடற்படையின் கடலியல் பிரிவு எச்சரிக்கையை விடுத்துப் பின் விலக்கிக்கொண்டது. அலைகளோ அதன் பிறகும் கரையை அடித்தன. இறந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அலையில் போனவர்கள். பின்னாளில் அதிகாரிகள் மீது வழக்கு நடந்தது. வலுவான தூண்கள் காத்த நாட்டில் தகவல் தொடர்பு கைவிட்டது என்பது செல்வநிலை விளக்கத்துக்குள் அடங்காத உண்மை.

நியூசிலாந்து இந்தச் சூத்திரத்தை இன்னும் தெளிவாக உடைக்கிறது. 2010 செப்டம்பர் 4 விடியற்காலையில் டார்ஃபீல்டு அருகே 7.1 அளவு நடுக்கம். கட்டடம் இடிந்து யாரும் சாகவில்லை. ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், 2011 பிப்ரவரி 22 நண்பகலில் கிறைஸ்ட்சர்ச்சில் அதைவிடச் சிறிய 6.2 அளவு நடுக்கம். 185 பேர் இறந்தனர். நாடு ஒன்று, வட்டாரம் ஒன்று, செல்வமும் ஒன்று. மாறியவை வேறு: இரண்டாவது நடுக்கத்தின் மையம் நகரத்தை ஒட்டி, சுமார் ஐந்து கிலோமீட்டர் ஆழத்திலேயே இருந்தது, கடைகளும் அலுவலகங்களும் நிரம்பியிருந்த நேரம் வேறு. இறந்தவர்களில் 115 பேர் சி.டி.வி. என்ற ஒரே கட்டடத்தில் மாண்டவர்கள். 1980-களில் எழுப்பப்பட்ட அந்தக் கட்டடத்தின் வடிவமைப்பில் குறைபாடு இருந்ததை அரச விசாரணை ஆணையம் பதிவு செய்தது. துருக்கியில் 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் விதிகள் ஏட்டில் இருந்தன. விதி மீறிய கட்டடங்களுக்கு 2018-இல் அரசே பொதுமன்னிப்பு வழங்கியிருந்தது. நிலநடுக்க ஆய்வாளர்கள் நிக்கலஸ் ஆம்பிரேசிஸ், ராஜர் பில்ஹாம் இருவரும் 2011-இல் நேச்சர் இதழில் காட்டியது இதைத்தான்: முப்பது ஆண்டுகளில் நிலநடுக்கத்தில் கட்டடம் இடிந்து இறந்தவர்களில் 83 விழுக்காட்டினர், வருமானத்தை வைத்து எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட ஊழல் மிகுந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள். வறுமை ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் சிமெண்டில் மணலைக் கூட்டியவரும் பார்த்துக்கொண்டே கையெழுத்திட்டவரும் பாடத்தில் வராமல் போனால், ஏழை நாடு என்றால் செத்துப்போகும் நாடு என்ற படிமமே பிள்ளைகள் மனத்தில் தங்கும்.

புவித்தட்டுகளைப் பற்றிய பகுதியில் சிக்கல் வேறு வகை. பாடநூல் படங்களில், புவியின் மேலோட்டுக்குக் கீழுள்ள கவசம் செந்நிறக் குழம்பாகக் கொதிக்கிறது. அதன் வெப்பச்சலன ஓட்டம் மேலே மிதக்கும் தட்டுகளைச் சுமந்து செல்கிறது. உண்மையில் கவசம் திடப்பாறை. திரவத்துக்குள் செல்ல முடியாத, நிலநடுக்கத்தின் எஸ் அலைகள் அதை ஊடுருவிச் செல்வதே சான்று. பல இலட்சம் ஆண்டுகளில் அது மெல்ல நெகிழ்ந்து நகரும் என்பது தனிச் செய்தி. தட்டுகளை நகர்த்தும் விசைகளில் முதன்மையானது, குளிர்ந்து கனத்த கடல்தட்டு கவசத்துக்குள் அமிழும்போது தன் பின்னுள்ள பகுதியை இழுப்பது என்று அறிவியலாளர் பெரும்பாலோர் கருதுகின்றனர். இந்த இழுவிசை பாடநூல்களில் நுழைந்துவிட்டது. ஆனால் பழைய குழம்புப் படத்தின் பக்கத்தில் கூடுதல் வரியாகத்தான். படமும் வரியும் ஒன்றையொன்று மறுப்பதை வகுப்பில் யாரும் கவனிப்பதில்லை போலும்.

எல்லைக் கோடுகள் வரைந்த உலக வரைபடமும் பாதி உண்மைதான் சொல்லும். கோட்டின் மேல் ஆபத்து, கோட்டுக்கு வெளியே அமைதி என்று அதைப் படிப்பது எளிது. 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் 6.2 அளவு நடுக்கம் ஏறத்தாழ பத்தாயிரம் பேரைக் கொன்றது. அசையாத பழம்பாறை என்று நம்பப்பட்ட தக்காணத்தின் நடுவில், தட்டு எல்லையிலிருந்து வெகு தொலைவில் நடந்தது அது.

காலநிலை மாற்றத்தை இதே அலகில் வைத்ததில் ஒரு நன்மை உண்டு: புயலின் வலிமையையும் புவி வெப்பத்தையும் ஆசிரியர் உடனுக்குடன் இணைக்கலாம். அந்தப் பாடம் இருப்பதே போராடிப் பெற்றது. 2013-இல் இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்ட வரைவு, பதினான்கு வயதுக்கு உட்பட்டோருக்கான புவியியலில் காலநிலை மாற்றத்தைக் குறிப்பிடாமல் விட்டது. எதிர்ப்பு எழுந்த பின் இறுதி வடிவில் அது திரும்ப வந்தது. ஆனால் ஜி.சி.எஸ்.இ. பாடத்தின் அமைப்பு பழுதானது. இயற்கைக் காரணங்கள் ஒரு பத்தி, மனிதக் காரணங்கள் இன்னொரு பத்தி. புவிச் சுற்றுப்பாதை மாற்றம், சூரிய ஆற்றல், எரிமலை ஆகிய மூன்றும் ஒருபுறம். புதைபடிவ எரிபொருள், வேளாண்மை, காடழிப்பு ஆகிய மூன்றும் மறுபுறம். மூன்றுக்கு மூன்று என்ற இந்தச் சமநிலை அறிவியலில் இல்லை. சுற்றுப்பாதைச் சுழற்சிகள் பல்லாயிரம் ஆண்டுக் கணக்கில் நடப்பவை; ஒரு நூற்றாண்டின் வெப்ப உயர்வை அவற்றால் விளக்க முடியாது. 1991-இல் பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை வெடித்தபோது உலகச் சராசரி வெப்பநிலை ஓரிரு ஆண்டுகள் அரை டிகிரியளவு குறையத்தான் செய்தது. 1958-இல் ஹவாயின் மௌனா லோவாவில் அளவீடு தொடங்கியபோது காற்றில் பத்து இலட்சத்துக்குச் சுமார் 315 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. மனிதச் செயலே வெப்ப உயர்வுக்குக் காரணம் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை என 2021-இல் ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கை சொன்ன பிறகும் இரு பத்திகளைச் சமமாக வைப்பது, நடுநிலை என்ற பெயரில் செய்யும் பிழை.

இடர்க் கல்வி உயிர் காத்ததற்கு இங்கிலாந்தில் எப்போதும் காட்டப்படும் சான்று டில்லி ஸ்மித். 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் மாய் காவ் கடற்கரையில் இருந்த பத்து வயதுச் சிறுமி, கடல்நீர் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு சுனாமி என்று கூவினாள். சுமார் நூறு பேர் தப்பினர். இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் ஹவாயின் 1946 சுனாமியைப் படம் பார்த்துப் படித்திருந்தாள். அவளுக்கு உதவியது அலை வருமுன் கடல் எப்படி நடந்துகொள்ளும் என்ற அறிவு. ஹவாயில் எத்தனை பேர் இறந்தார்கள், யார் உதவி அனுப்பினார்கள் என்ற விவரம் அங்கே பயன்பட்டிருக்காது. அவளுக்குப் பொதுத்தேர்வு வர இன்னும் ஆண்டுகள் இருந்தன என்பதையும் இதோடு சேர்த்து நினைக்கலாம்.

ஜப்பானின் அனுபவம் இதை இன்னும் கூர்மையாக்குகிறது. 2011 மார்ச் 11 அன்று சுனாமி தாக்கியபோது கமாய்ஷி நகரில் ஏறத்தாழ மூவாயிரம் பள்ளிப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைத்தனர். இடர் வரைபடத்தை முழுதும் நம்பாதே, காத்திருக்காமல் மேட்டுக்கு ஓடு என்று அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. ஒதுக்கப்பட்ட புகலிடத்தை அடைந்த பிறகும் அது போதாது என்று இன்னும் மேலே ஓடியவர்களும் அவர்களில் உண்டு. இஷினோமாகியின் ஓகாவா தொடக்கப் பள்ளியோ வரைபடத்தில் வெள்ள எல்லைக்கு வெளியே இருந்தது. பின்னால் குன்று இருந்தும் பிள்ளைகள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் விளையாட்டுத் திடலிலேயே நிறுத்தப்பட்டனர். 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் இறந்தனர். பொறுப்பு உள்ளாட்சியுடையது என்ற தீர்ப்பை 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஒப்பீட்டு முறையைக் கைவிட வேண்டியதில்லை. செல்வநிலை மாறுபட வேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிடலாம். டார்ஃபீல்டும் கிறைஸ்ட்சர்ச்சும், கமாய்ஷியும் ஓகாவாவும் சிலி–நேபாளத்தைவிட நல்ல இணைகள். ஆழம், தொலைவு, நேரம், கட்டடம், வரைபடம், முடிவெடுத்த ஆள் என்று காரணத்தைத் தேடித்தான் மாணவர் விடை எழுத வேண்டியிருக்கும். இன்றைய நிபந்தனை நீடிக்கும்வரை அந்த வினாவில் இவ்விரண்டு இணைகளுக்கும் இடமில்லை.