ரூஹியின் ரயில் ஏன் மெதுவாகப் போகிறது?

மந்தைவெளியில் அக்கா வீடு. அக்கா பெண் பத்தாவது, சிபிஎஸ்இ. லஸ் பக்கம் பழைய புத்தகக் கடையில் வாங்கிய என்சிஇஆர்டி கணக்குப் புத்தகத்தை நீட்டி, "மாமா, இது தப்புக் கணக்கா? பஸ் ரயிலைவிட வேகமா போகுதே" என்றாள்.

ரூஹி என்ற பெண்ணின் ஊர் 300 கி.மீ. தூரம். 60 கி.மீ. ரயில், மீதி பஸ் என்று போனால் 4 மணி நேரம். 100 கி.மீ. ரயில், மீதி பஸ் என்றால் 10 நிமிடம் கூடுதல். இரண்டின் வேகமும் என்ன? விடை: ரயில் மணிக்கு 60 கி.மீ., பஸ் 80. கணக்கு சரிதான். ரயிலில் அதிக தூரம் போனால் நேரம் கூடுகிறது, அப்போ ரயில்தான் மெதுவு. மணிக்கு 80 சராசரியில் ஓடும் பஸ்ஸை நான் பார்த்ததில்லை, அது போகட்டும்.

என் புகார் வேறு. வேகங்களை எக்ஸ், ஒய் என்று வைத்தால் 60/எக்ஸ் + 240/ஒய் = 4 என்று வரும். மாறிகள் பின்னத்தின் கீழே போய் உட்கார்ந்துவிடும், நேரியல் சமன்பாடு ஆகாது. உடனே 1/எக்ஸ்-ஐ யு என்று மாற்று என்கிறது புத்தகம். அந்த யு என்ன பொருள் என்று சொல்வதில்லை. பிள்ளைகள் அதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்கிறார்கள்.

யு என்பது ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம், அவ்வளவுதான். நம் ஊர்ப் பேச்சே இதுதானே! "தி.நகர் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் "முக்கால் மணி நேரம்" என்றுதான் பதில் வரும். கிலோமீட்டர் யார் சொல்கிறார்கள்?

வேகத்தை விட்டுவிட்டு இதையே மாறியாக வைப்போம். கிலோமீட்டருக்கு ரயில் ர நிமிடம், பஸ் ப நிமிடம்.

60ர + 240ப = 240
100ர + 200ப = 250

முதலாவதை 60-ஆலும் அடுத்ததை 50-ஆலும் வகுத்தால் ர + 4ப = 4, 2ர + 4ப = 5. கழித்தால் ர = 1, ப = 3/4. ரயிலுக்கு ஒரு நிமிடம், பஸ்ஸுக்கு முக்கால் நிமிடம். முதல் வரியிலிருந்தே நேரியல். பிரதியிடல் எதுவும் தேவைப்படவில்லை.

படகு, நீரோட்டக் கணக்குகளுக்கு இது முழுசாக ஒத்துவராது என்பதையும் சொல்லவேண்டும். அங்கே படகின் வேகமும் ஓட்டத்தின் வேகமும்தான் கூடும், கழியும். நிமிடங்கள் அப்படிக் கூடாது. அங்கே வேகம்தான் இயல்பான மாறி. எதைக் கூட்டலாமோ அதை மாறியாக வை என்று ஒரு வரி எழுதியிருந்தால் இரண்டு வகைக்கும் போதும். அந்த வரி இல்லை.

இப்போது அந்தப் பகுதியே இல்லை. 2022-ல் பாடங்களைக் குறைத்தபோது எடுத்துவிட்டார்கள். இவளிடம் இருப்பது அதற்கு முந்தைய பதிப்பு. பாரம் குறையவேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம்தான். ஆனால் மாறியைத் தேர்ந்தெடுக்க யோசிக்க வைத்த கணக்குகள்தான் முதலில் போயிருக்கின்றன.

அவள் நோட்டில் ர, ப போட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, பஸ் ஸ்டாப்பில் நின்ன நேரத்தை எதுல சேர்க்கறது?" என்றாள்.

அதற்கு மூன்றாவது மாறி வேண்டும், மூன்றாவது பயணமும் வேண்டும் என்றேன்.