மாராவின் 'பசிபிக் வழி': பட்டமும் வாக்குச்சீட்டும்

ஃபிஜியின் முதல் பிரதமர் ராத்து சர் காமிசேசே மாரா 1997-ல் வெளியிட்ட தன்வரலாற்றின் பெயர் 'பசிபிக் வழி'. 1970-ல் நாடு சுதந்திரம் வாங்கிய கையோடு ஐ.நா. பொதுச்சபையில் அவர் பேசிய சொற்றொடர் அது. சத்தம் போடாமல் உட்கார்ந்து பேசி, எல்லாரும் ஒத்துக்கொள்ளும் முடிவுக்கு வருவது என்று பொருள். நிதானமாக எழுதப்பட்ட, படிக்க வேண்டிய புத்தகம்தான். ஆனால் முடித்ததும் ஒரு கேள்வி உறுத்துகிறது. 'நீங்க வேண்டாம்' என்று ஜனங்கள் சொல்லிவிட்டால், பரம்பரைத் தலைவர் என்ன செய்ய வேண்டும்?

மாரா 1920-ல் லாவு தீவுக்கூட்டத்தின் தலைமைக் குடும்பத்தில் பிறந்தவர். நியூசிலாந்தின் ஒடாகோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். மூத்த தலைவரான ராத்து சுகுனா அதைப் பாதியில் நிறுத்தச் சொல்லி, வரலாறு படிக்க ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பினார். நாளைக்கு நாட்டை நடத்த ஆள் வேண்டும் என்பது சுகுனாவின் கணக்கு. மாராவுக்கு மனசில்லை, ஆனாலும் போனார். என்னைக் கேட்டால் அவரைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சம்பவம் போதும். பெரியவர் சொல்வார், சின்னவர் கேட்பார், பதிலுக்குப் பெரியவர் காப்பாற்றுவார். இந்த ஏற்பாட்டில் தேர்தல் என்ற ஒன்றுக்கு இடமே இல்லை.

அவர் பெருமைகளைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 இந்தியர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாக ஃபிஜிக்குப் போனார்கள். 1903-லிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழர்களும் தெலுங்கர்களும் போனார்கள். அவர்களின் வாரிசுகளுடைய தேசியக் கூட்டமைப்புக் கட்சி, இன வேறுபாடில்லாத பொது வாக்காளர் பட்டியல் கேட்டது. மாராவும் அக்கட்சித் தலைவர் சித்திக் கோயாவும் பேசி ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். 52 இடங்களில் பூர்வகுடிகளுக்கு 22, இந்தியர்களுக்கு 22, மற்றவர்களுக்கு 8. ரத்தம் சிந்தாமல் சுதந்திரம் வந்தது. 1975-ல் இந்தியர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி புதாந்த்ரோக்கா நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தபோது மாராவின் அரசு அதற்கு உடன்படவில்லை. 'பசிபிக் வழி' நிஜமாகவே வேலை செய்த இடங்கள் இவை.

சிக்கல் அவர் தோற்கும்போது வருகிறது. 1977 ஏப்ரலில் கூட்டமைப்புக் கட்சிக்கு 26 இடம், மாராவின் கூட்டணிக் கட்சிக்கு 24. ஜெயித்தவர்கள் யார் பிரதமர் என்று தங்களுக்குள் அடித்துக்கொள்ள, தலைமை ஆளுநர் மாராவையே மறுபடி நியமித்தார். அந்த ஆளுநர் தாகொம்பாவும் ஒரு பெருந்தலைவர்தான். 1987 ஏப்ரலில் அப்படித் தப்பிக்க வழியில்லை. 28-க்கு 24 என்று தெளிவான தோல்வி. மே 14 அன்று கர்னல் ரம்புகா ஆட்சியைக் கவிழ்த்தார்.

இதில் தனக்குப் பங்கில்லை என்றுதான் மாரா கடைசிவரை சொன்னார். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் ரம்புகா அமைத்த குழுவில் அவர் சேர்ந்தாரே? அந்த வருஷக் கடைசியிலிருந்து 1992 வரை, ஓட்டு வாங்காமல் இடைக்காலப் பிரதமராக இருந்தாரே? பிரதமர் பதவியைப் பூர்வகுடிக்கே ஒதுக்கிய 1990 அரசியல் சட்டம் வந்ததும் அந்தக் காலத்தில்தான். நாடு எரியும்போது கைகட்டி நிற்க முடியாது என்பது அவருடைய நியாயம். அப்படியானால், ஜெயித்தவரிடம் ஆட்சியைத் திருப்பிக் கொடு என்று ராணுவத்தைப் பார்த்துச் சொல்வதும் தீயணைக்கும் வேலைதானே!

இதை இந்தியர்–பூர்வகுடி சண்டையாகச் சொல்லி முடித்துவிடுவது சுலபம். ஆனால் 1987-ல் ஜெயித்த டாக்டர் திமோசி பவாந்த்ரா இந்தியர் இல்லை. மேற்கு வித்தி லெவுவைச் சேர்ந்த பூர்வகுடி. கிழக்குத் தீவுகளின் தலைவர்களே எப்போதும் ஆள வேண்டுமா என்று, அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே எழுந்த கேள்வி அவர். மாரா பதில் சொல்லியிருக்க வேண்டியது அந்தக் கேள்விக்குத்தான்.

புத்தகம் 1997-ல் நின்றுவிடுகிறது. அப்போது அவர் ஜனாதிபதி. 2000 மே 19 அன்று ஜார்ஜ் ஸ்பைட்டின் ஆட்கள் நாடாளுமன்றத்தில் புகுந்து பிரதமர் மகேந்திர சௌத்ரியைப் பிணையாகப் பிடித்தார்கள். பிடிபட்டவர்களில் மாராவின் மகள், அமைச்சர் கொய்லாவும் உண்டு. பத்து நாளில் மாராவே பதவியைவிட்டு ஒதுங்க வேண்டியதாகி, கடற்படைக் கப்பலில் லாவுக்குப் போய்ச் சேர்ந்தார். தேர்தல் முடிவைத் துப்பாக்கியால் மாற்றலாம் என்று 1987 காட்டிக் கொடுத்திருந்தது. அந்த வழியை அன்றே அடைத்திருக்கக் கூடிய செல்வாக்கு நாட்டில் ஒரு சிலருக்குத்தான் இருந்தது. அவர்களில் முதல் ஆள் மாரா.

2004-ல் இறந்தார். லகெம்பாவில் அடக்கம் செய்தபோதும் அவர் துய் நயாவ்தான். 1969-ல் ஏற்ற அந்தப் பட்டத்தை எந்தத் தேர்தலும் எந்த ராணுவமும் அவரிடமிருந்து பறிக்கவில்லை. பிரதமர் பதவி அப்படிப்பட்டதல்ல, அது ஜனங்கள் கொடுத்து ஜனங்களே வாங்கிக்கொள்வது. இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொண்டு 'பசிபிக் வழி'யைப் படியுங்கள். ஐ.நா.வில் பேசிய மாராவையும் 1987-ன் மாராவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம்.